குவாண்டம் தகவலியலும் ஒரு கல்லூரி ஆசிரியரும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் படிப்பிற்குத் துணை நின்று வரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், அறிவியலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அறிவியலின் பயன்களை வரிசையாக எடுத்துரைப்பது எளிது. அவற்றை நீங்கள் முன்னரே பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஆகவே, ஒரே ஓர் அறிவியலாளரை எடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார், எவ்வாறு செய்தார், எங்கே இருந்து செய்தார் என்பதை விரிவாகக் கூறலாம் என்று கருதுகிறேன். அவர் பெயர் வில்லியம் வூட்டர்ஸ். அவருடைய துறை குவாண்டம் தகவலியல் என்பதாகும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள வில்லியம்ஸ் கல்லூரி, இளநிலைப் பட்டப்படிப்பையே தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. இயற்பியலில் முனைவர் பட்டம் அங்கே வழங்கப்படுவதில்லை. ஆகவே, அங்குள்ள இயற்பியல் ஆசிரியருக்குத் தம் கணக்குகளைப் பகிர்ந்து செய்ய முனைவர் பட்ட மாணவர் குழு ஒன்று இராது. அத்தகைய கல்லூரியில் 1982 ஆம் ஆண்டில் ஆசிரியராகச் சேர்ந்த வூட்டர்ஸ், ஓய்வு பெறும் வரை அங்கேயே பாடம் நடத்தினார். ஆயினும், இன்று உலகம் முழுவதும் குவாண்டம் கணினி, குவாண்டம் தொடர்பு என்று பேசப்படும் துறையின் அடிக்கற்களில் சில அவர் கையால் வைக்கப்பட்டவை. இது எவ்வாறு இயன்றது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

ஒரு மாணவரின் வினா

வூட்டர்ஸ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர். பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டு 1980 இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஜான் வீலர் என்னும் பேரறிஞர் அங்கே இருந்தார். பிரின்ஸ்டனில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு 1976 இல் ஆஸ்டினுக்கு வந்தவர் அவர். "குவாண்டம் விதிகள் இவை" என்று ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுவதோடு பலரும் நின்றுவிட, "இவ்விதிகள் ஏன் இவ்வாறு இருக்கின்றன?" என்று இளைஞர்களிடம் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தவர். வூட்டர்சின் முதல் ஆராய்ச்சி அந்த வினாவிலிருந்தே பிறந்தது.

அதனை விளங்கிக்கொள்ள ஓர் எளிய சோதனையைக் கருதுவோம். வெயிலில் அணியும் கண்ணாடிகளுள் சில, ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டுமே உள்ளே விடும். ஒளியின் அதிர்வு ஒரு தளத்தில் அமைவதைத் தளவிளைவு என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். தளவிளைவுற்ற ஒளியின் அதிர்வுத் திசைக்கும் கண்ணாடியின் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து, வெளிவரும் ஒளியின் அளவு மாறும். கோசைனின் இருமடிக்கு ஏற்ப அது மாறும் என்பது மாலஸ் விதி.

இனி, ஒளியைக் குறைத்துக் குறைத்து ஒரே ஓர் ஒளித்துகளை மட்டும் அனுப்புவோம். ஒரு துகள் பாதியாகப் பிளந்து செல்லாது. ஒன்று, கண்ணாடியைக் கடக்கும். அன்றேல், தடுக்கப்படும். முன்னர் ஒளியின் அளவைக் குறித்த அதே விதி, இப்பொழுது கடப்பதற்கான நிகழ்தகவைக் குறிக்கிறது. கோணம் 45 பாகையாக இருந்தால் கடப்பதற்கும் தடுக்கப்படுவதற்கும் சம வாய்ப்பு. துகளின் கோணத்தைக் குறிக்க எத்தனை தசம இலக்கங்கள் வேண்டுமாயினும் எழுதலாம். ஆனால் அத்துகளைச் சோதிப்பவருக்குக் கிடைப்பதோ "ஆம்" அல்லது "இல்லை" என்னும் ஒரே விடை. சோதித்த பின்னர்த் துகள் பழைய நிலையில் இராது. ஆகவே மீண்டும் கேட்கவும் இயலாது.

வூட்டர்ஸ் கேட்ட வினா இதுதான்: ஒருவர் தம் மனத்திலுள்ள ஓர் எண்ணை மற்றொருவருக்கு நிகழ்தகவின் மூலமாக மட்டுமே தெரிவிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சற்றே கூடுதலாக விழும்படி செய்த நாணயத்தை அவர் அனுப்புகிறார். பெறுபவர் அதைப் பலமுறை சுண்டிப் பார்த்து எண்ணை ஊகிக்கிறார். எண்ணுக்கு ஏற்ப நாணயத்தின் சாய்வை எந்த விதிப்படி அமைத்தால் மிகுதியான தகவல் சென்று சேரும்? கணக்கிட்டுப் பார்த்தபொழுது, சுண்டும் தடவைகள் மிக அதிகமாகும் நிலையில், சிறந்த விதி மேலே கூறிய கோசைன் இருமடி விதியாகவே வந்தது. தகவலைச் சேர்ப்பதற்கு மிகவும் ஏற்றதொரு வழியை இயற்கை கைக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

ஆனால் ஒரு தடை இருந்தது. குவாண்டம் கொள்கை மெய்யெண்களால் மட்டும் ஆனதன்று. அது கலப்பெண்களால் ஆனது. மெய்யெண்களோடு நிற்கும் ஓர் உலகில் இந்த அழகிய முடிவு பொருந்துகிறது. நாம் வாழும் கலப்பெண் உலகில் அப்படியே பொருந்தவில்லை. வூட்டர்ஸ் இத்தடையை மறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2013 இல் அதே வினாவை மீண்டும் கையிலெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். மாணவப் பருவத்தில் எழுந்த வினா, முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. அது இன்றும் திறந்தே கிடக்கிறது.

பிரதி எடுக்க இயலாது

இவ்விடத்தில் உங்களுள் ஒருவர் கேட்கலாம்: "ஒரு துகளைச் சோதித்தால் ஒரே விடைதான் கிடைக்கும் என்றால், முதலில் அத்துகளைப் பத்தாயிரம் பிரதிகள் எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தால் என்ன?" நல்ல கேள்வி. பிரதி எடுக்க முடியுமானால் கோணத்தை வேண்டிய நுட்பத்தில் அறிந்துவிடலாம்.

நிக் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் இதே வழியில் சிந்தித்தார். லேசர் கருவி ஒளியைப் பெருக்குகிறது அன்றோ? ஒரு துகளை அதனுள் செலுத்தினால் அதே போன்ற பல துகள்கள் வெளிவரும் அன்றோ? அவ்வாறாயின், ஒன்றோடொன்று பின்னப்பட்ட இரு துகள்களைக் கொண்டு, ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பிவிடலாம் என்று ஒரு திட்டத்தை வரைந்து இதழுக்கு அனுப்பினார். ஒளியை விட வேகமான செய்தி ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு முரணானது. எங்கோ பிழை இருக்க வேண்டும். ஆனால் பிழை எங்கே?

அக்கட்டுரையை மதிப்பிட்டோருள் ஒருவரான ஆஷர் பெரெஸ், அது தவறு என்று அறிந்தே வெளியிடலாம் எனப் பரிந்துரைத்தார். அத்தவற்றைத் தேடும் முயற்சியில் புதிய அறிவு பிறக்கும் என்பது அவர் எண்ணம். இதனைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். மற்றொருவரான இத்தாலிய அறிஞர் கிரார்தி, பிழை எங்கே என்பதைத் தம் மதிப்பீட்டிலேயே காட்டி, வெளியிட வேண்டாம் என்றார். கட்டுரை 1982 இல் வெளிவந்தது. பெரெஸ் எண்ணியது போலவே நடந்தது. அதே ஆண்டில் வூட்டர்சும், போலந்தில் பிறந்த வோய்செக் சூரெக்கும் இணைந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். அறியப்படாத நிலையிலுள்ள ஒரு குவாண்டம் துகளைப் பிரதி எடுக்கும் கருவி எதுவும் இருக்க முடியாது என்பது அதன் முடிவு. நெதர்லாந்தின் டீக்ஸ் என்பவரும் அதே ஆண்டில் தனியாக இம்முடிவை வெளியிட்டார். ஜேம்ஸ் பார்க் என்பவர் 1970 இலேயே இதனைக் காட்டியிருந்தார் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. அன்று அதைக் கவனித்தவர் இலர்.

இத்தேற்றத்தின் உட்கருத்தை இங்கேயே நிறுவிக் காட்ட விரும்புகிறேன். உயர்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். செங்குத்தாக அதிரும் துகளை அ என்போம். கிடையாக அதிரும் துகளை ஆ என்போம். நம் பிரதிக் கருவி, அ என்பதைக் கொடுத்தால் அஅ என்று இரண்டாக்கும். ஆ என்பதைக் கொடுத்தால் ஆஆ என்று இரண்டாக்கும். இதுவரை தடையில்லை. இனி 45 பாகை சாய்ந்த துகளைக் கொடுப்போம். குவாண்டம் கொள்கைப்படி அது அ, ஆ இரண்டும் மேற்பொருந்திய நிலை. எண் கெழுக்களை விட்டுவிட்டால் அதனை அ + ஆ என்று எழுதலாம்.

குவாண்டம் விதிகள் நேரியல் தன்மை உடையவை. அதாவது, உள்ளே செல்வது இரண்டின் கூட்டல் என்றால், வெளியே வருவதும் அவ்விரண்டின் விளைவுகளுடைய கூட்டலாகவே இருக்கும். எனவே கருவி தருவது அஅ + ஆஆ. ஆனால் உண்மையான பிரதி என்றால் கிடைக்க வேண்டியது (அ + ஆ)(அ + ஆ). இதைப் பெருக்கினால் அஅ + அஆ + ஆஅ + ஆஆ. நடுவிலுள்ள இரண்டு உறுப்புகள் கருவியின் விடையில் இல்லை. இரண்டு எண்களைக் கூட்டி இருமடியாக்குவதும், தனித்தனியே இருமடியாக்கிக் கூட்டுவதும் ஒன்றாகா என்று பள்ளியில் படித்தீர்களே, அந்த வேறுபாடே இங்கு இயற்கையின் தடையாக நிற்கிறது.

இத்தனை எளிய கணக்கு, குவாண்டம் கொள்கை உருவான 1920களிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. கணக்கு கடினமாக இருந்ததால் அன்று. "பிரதி எடுக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றாததே காரணம்.

தடையே பாதுகாப்பு ஆயிற்று

"இயலாது" என்று முடியும் ஒரு தேற்றத்தால் என்ன பயன் என்று ஐயுறலாம். ஸ்டீபன் வீஸ்னர் என்னும் இளைஞர், 1970 ஆம் ஆண்டளவிலேயே, கள்ள நோட்டு அடிக்க முடியாத பணத்தைக் குவாண்டம் துகள்களால் அமைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இதழ் அதை ஏற்கவில்லை. 1983 இல்தான் அது அச்சேறியது. பிற்காலத்தில் இஸ்ரேலில் கட்டட வேலை செய்து வாழ்ந்த அவர், 2021 இல் மறைந்தார். ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து அவருக்கு நண்பராயிருந்த சார்லஸ் பென்னட் அக்கருத்தை மறக்கவில்லை. அவரும் கனடாவின் ஜில் பிராசாரும் 1984 இல், ஒட்டுக்கேட்க முடியாத இரகசியத் தொடர்புக்கு வழி கண்டனர். நடுவழியில் ஒருவர் துகளைக் கைப்பற்றினால், அவரால் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அனுப்ப முடியாது. அளந்து பார்த்தால் அதன் நிலை குலையும். குலைவைக் கொண்டு திருட்டு நடந்ததை அறியலாம். ஓரிடத்தில் தடையாக நின்ற தேற்றம் மற்றோரிடத்தில் காவலாக நின்றது.

வூட்டர்சின் அடுத்த பெரும் பணியும் ஒரு சிறு வினாவிலிருந்து தொடங்கியது. ஒரே நிலையில் அமைந்த இரு துகள்கள் வெவ்வேறு ஊர்களில் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் தம் துகளை அளந்து, தொலைபேசியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். இவ்வாறு கிடைக்கும் தகவல் மிகுதியா, அல்லது இரு துகள்களையும் ஒரே இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்து அளந்தால் கிடைப்பது மிகுதியா? அவரும், நாம் முன்னர்க் கண்ட ஆஷர் பெரெசும் 1991 இல் இதை ஆராய்ந்து, சேர்த்து அளப்பதே மேலானது எனக் கருதுவதற்குச் சான்று தந்தனர்.

1992 இல் மொன்றியால் நகரில் பிராசாரின் அழைப்பின் பேரில் வூட்டர்ஸ் இதைப் பற்றி உரையாற்றினார். அவையிலிருந்த பென்னட் ஒரு கேள்வி எழுப்பினார்: பிரிந்திருக்கும் அவ்விருவரிடமும் முன்கூட்டியே பின்னப்பட்ட துகள் இணை ஒன்று இருந்தால் என்ன ஆகும்? அங்கிருந்த சிலர் கூடி அமர்ந்து விவாதித்தனர். மறுநாளுக்குள் விடை கிடைத்தது. அந்த இணையின் துணையோடு, ஓர் ஊரிலுள்ள துகளின் நிலையை, துகளையே அனுப்பாமல், மற்ற ஊரிலுள்ள துகளில் அப்படியே தோற்றுவிக்கலாம்! இதற்குக் குவாண்டம் தொலைமாற்றம் என்று பெயர். பென்னட், பிராசார், கிரெப்போ, ஜோசா, பெரெஸ், வூட்டர்ஸ் ஆகிய அறுவர் பெயரில் 1993 இல் கட்டுரை வெளிவந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. அனுப்புபவர் தம் துகளையும் இணையின் தம் பக்கத்துத் துகளையும் சேர்த்து அளக்கிறார். நான்கு விடைகளுள் ஒன்று கிடைக்கும். எந்த விடை என்பதை இரண்டு பிட் செய்தியாகச் சாதாரண வழியில் தெரிவிக்கிறார். அதைக் கேட்ட பின்னரே மறுமுனையிலுள்ளவர் தம் துகளை உரியவாறு திருத்த இயலும். ஆகவே ஒளியின் வேகம் மீறப்படுவதில்லை. அளந்தபொழுதே மூலத்தின் நிலை அழிந்துவிடுகிறது. ஆகவே பிரதியும் உண்டாவதில்லை. 1982 இன் தேற்றம் இங்கும் காக்கப்படுகிறது. 1997 இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஆன்டன் சைலிங்கரின் குழுவினர் இதைச் சோதனையில் நிகழ்த்திக் காட்டினர். 2017 இல் சீன அறிவியலாளர் நிலத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு 1400 கிலோமீட்டர் வரை இதைச் செய்தனர். பின்னப்பட்ட ஒளித்துகள்களைப் பற்றிய சோதனைகளுக்காக 2022 இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெயரும் அளவுகோலும்

குவாண்டம் தகவலின் அடிப்படை அலகைக் கியூபிட் என்கிறார்கள். இச்சொல்லை அச்சில் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஷூமாக்கர். ஒஹையோ மாநிலத்தின் கென்யன் கல்லூரி ஆசிரியர். அதுவும் ஓர் இளநிலைக் கல்லூரியே. வூட்டர்சோடு உரையாடிக்கொண்டிருக்கையில் வேடிக்கையாக உண்டான சொல் இது என்று தம் 1995 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் குறித்துள்ளார். ஆங்கிலத்தில் முழம் என்னும் பழைய அளவைக்கும் இதே ஒலியுடைய சொல்தான். விவிலியத்தில் நோவாவின் பேழை எத்தனை முழம் என்று படித்தவர்களுக்கு இந்த வேடிக்கை விளங்கும். இரண்டு சிறிய கல்லூரிகளின் ஆசிரியர்கள் பேசிச் சிரித்த ஒரு சொல், இன்று உலகின் ஒவ்வொரு குவாண்டம் ஆய்வகத்திலும் வழங்குகிறது.

அடுத்து, பின்னல் என்பதை அளப்பது எப்படி? இரு துகள்கள் பின்னப்பட்டுள்ளன என்று சொன்னால் போதாது. எவ்வளவு பின்னப்பட்டுள்ளன என்று எண்ணால் கூற வேண்டும். உலகில் எந்தத் துகளும் தூய நிலையில் நிலைப்பதில்லை. சூழலின் தாக்கத்தால் கலங்கிவிடும். கலங்கிய நிலையில் எஞ்சியுள்ள பின்னலைக் கணக்கிடுவது மிகவும் கடினம். தம் கல்லூரி மாணவர் ஸ்காட் ஹில்லுடன் 1997 இல் ஒரு பகுதிக்கும், 1998 இல் தாமே தனித்து இரண்டு கியூபிட்டுகளின் எல்லா நிலைகளுக்கும் வூட்டர்ஸ் வாய்பாடு கண்டார். கன்கரன்ஸ் என்று அழைக்கப்படும் அந்த அளவு, பின்னலே இல்லையேல் 0, முழுப் பின்னல் என்றால் 1. குவாண்டம் சோதனைகள் நடத்துவோர் இன்றும் இதைக் கையாளுகின்றனர்.

2000 ஆம் ஆண்டில் வலேரி காஃப்மன், ஜாய்தீப் குண்டு ஆகியோருடன் அவர் மற்றொரு விதியைக் கண்டார். மூன்று கியூபிட்டுகளில் முதலாவது இரண்டாவதோடு முழுமையாகப் பின்னப்பட்டிருந்தால் மூன்றாவதோடு அதற்குப் பின்னல் சிறிதும் இருக்க முடியாது. ஒன்றோடு கூடினால் மற்றொன்றோடு குறையும். சாதாரணச் செய்தியை எத்தனை பேருக்கு வேண்டுமாயினும் பகிரலாம். பின்னலை அவ்வாறு பகிர இயலாது. இவ்விதி எத்தனை கியூபிட்டுகளுக்கும் பொருந்தும் என்பதை ஆஸ்போர்ன், வெர்ஸ்ட்ராட்டே என்னும் இருவர் 2006 இல் நிறுவினர்.

ஆராய்ச்சியோடு அவர் நிற்கவில்லை. தம் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சூசன் லெப்புடன் சேர்ந்து, இரகசியக் குறியீட்டையும் பிழை திருத்தத்தையும் இளநிலை மாணவர்க்கு விளக்கும் பாடநூல் ஒன்றை 2006 இல் வெளியிட்டார். இத்துறையில் பயிற்சியுள்ளோர்க்கு மட்டும் எட்டியிருந்த செய்திகளை, நேரியல் இயற்கணிதம் கற்ற எந்த மாணவருக்கும் எட்டச் செய்ததும் அவர் தொண்டுகளுள் ஒன்று.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

மாணவச் செல்வங்களே! "பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான் ஆராய்ச்சி. நாம் படிப்பதோ ஊர்ப்புறக் கல்லூரி" என்று நம் பிள்ளைகள் பலர் தாமே ஒதுங்கிவிடுவதைக் காண்கிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு இந்த அச்சம் இயல்பே. வூட்டர்சின் வாழ்வு அந்த அச்சத்திற்கு ஓரளவு விடை கூறுகிறது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு முகமன் கூற நான் இங்கு வரவில்லை. வில்லியம்ஸ் கல்லூரி சிறியதே ஒழிய வறியதன்று. வூட்டர்சுக்கு ஸ்டான்ஃபோர்டில் படிக்கும் வாய்ப்பு இருந்தது. வீலரைப் போன்ற ஆசிரியர் இருந்தார். நூலகம் இருந்தது. சிந்திக்க ஓய்வு இருந்தது. அழைத்துப் பேசவைக்கும் நண்பர்கள் மொன்றியாலில் இருந்தனர். இவை இல்லாத ஒருவரிடம் "வூட்டர்சைப் போல் ஆகுக" என்று வாழ்த்திவிட்டுப் போவது நேர்மையாகாது.

ஆகவே இவ்வரலாற்றை நான் இரண்டு பங்காகப் பிரித்துத் தர விரும்புகிறேன். ஒரு பங்கு மாணவர்களுக்கு. மற்றொரு பங்கு பெரியோர்களுக்கும் கழகத்தாருக்கும்.

மாணவர்களுக்குரிய பங்கு: இத்துறையின் கதவுக்குத் திறவுகோல் கணிதம். அணிகள், வெக்டர்கள், கலப்பெண்கள், நிகழ்தகவு ஆகிய நான்கையும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறீர்கள். தேர்வுக்குப் பின் அவற்றை மறந்துவிடாதீர்கள். விலையுயர்ந்த கருவி ஏதும் இன்றித் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்யக்கூடிய பகுதி இத்துறையில் பெரிது. மேலும், இது நமக்குத் தொலைவிலுள்ள துறையும் அன்று. சென்னைத் தரமணியில், 1962 இல் தொடங்கப்பெற்ற கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். சைமன், ஒளிக்கற்றை போன்ற தொடர்மாறி அமைப்புகளில் பின்னல் உண்டா இல்லையா என்று கண்டறியும் முறையை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகெங்கும் பயன்படும் முறை அது. இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. இளநிலை இயற்பியல் அல்லது கணிதம் முடித்தவர்கள் ஜாம் என்னும் தேர்வின் வழியே ஐ.ஐ.டி.களில் முதுநிலைப் படிப்பில் சேரலாம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஜெஸ்ட் என்னும் தேர்வு உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நெட் தேர்வு உண்டு. இப்பெயர்களைக் கல்லூரியின் முதலாண்டிலேயே அறிந்திருப்பவருக்கும் இறுதியாண்டின் முடிவில் கேள்விப்படுபவருக்கும் இடையே மூன்றாண்டுகள் வேறுபாடு இருக்கிறது. பலருக்கு வாய்ப்பு நழுவுவது அறிவுக் குறைவால் அன்று, இந்த மூன்றாண்டுத் தாமதத்தால்.

பெரியோர்களுக்குரிய பங்கு: வூட்டர்சுக்குக் கிடைத்தவை எவை என்று சற்று முன் எண்ணிப் பார்த்தோம். அவற்றுள் நாம் தரக்கூடியவை எவை? கட்டணத்திற்கு உதவி செய்கிறோம். அது தொடர வேண்டும். அத்தோடு, மாணவர் மாலையில் வந்து அமர்ந்து படிக்க ஓர் அறையும் நல்ல கணித, இயற்பியல் நூல்களும் வேண்டும். நம்மிடையே மேற்படிப்பு முடித்தவர்கள், மாதம் ஒரு நாளேனும் இளையோருடன் அமர்ந்து, மதிப்பெண்ணைப் பற்றியன்றி அவர்களுடைய கேள்விகளைப் பற்றிப் பேச வேண்டும். வீலர் தம் மாணவர்களுக்குக் கொடுத்தவற்றுள் பெரியது அதுவே. "இதைக் கேட்க நீ யார்?" என்ற சொல்லை நம் முன்னோர் நிரம்பக் கேட்டுவிட்டனர். "இது நல்ல கேள்வி, உட்கார், பார்ப்போம்" என்ற சொல்லை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தாவது கேட்க வேண்டும்.

குவாண்டம் இயக்கவியல் தோன்றி நூறாண்டு ஆனதை முன்னிட்டு 2025 ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியல் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. குவாண்டம் கணினி எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிடும் என்று கூறுவோரை நம்பிவிடாதீர்கள். சில வகைக் கணக்குகளுக்கு அது பெரிதும் உதவும் என்று கொள்கை கூறுகிறது. பிழையின்றி இயங்கும் பெரிய கருவியை அமைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. முடியாத வேலை இருப்பதே இளைஞர்களுக்கு இத்துறையில் இடம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கலப்பெண்கள் ஏன் என்ற வூட்டர்சின் முதல் வினாவுக்கே இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியோ மாணவனோ அதைக் கையிலெடுக்கத் தடை எதுவும் அவ்வினாவில் இல்லை. மற்ற தடைகளைக் குறைப்பது நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமையட்டும்.